பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தால்

அவள் பஸ் ஏறுகிறாள், அவனும் ஏறுகிறான். அவள் இறங்குகிறாள், அவனும் இறங்குகிறான். அவள் முறைக்க, கூட இருக்கும் நண்பன் ஏதோ கலாய்க்க, பாட்டு ஆரம்பிக்கிறது. தமிழ்ப் படங்களில் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்போம்! ஒருமுறைகூடப் பயந்ததில்லை. அவன் அம்மா யார், அவன் எவ்வளவு நல்லவன் என்பதையெல்லாம் கேமரா நமக்கு முன்பே காட்டிவிட்டதே. அவளுக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று: நேற்று நின்றவன் இன்றும் நிற்கிறான். பாட்டை நிறுத்திவிட்டு, அவள் நிற்கும் இடத்திலிருந்து அதே காட்சியைப் பாருங்கள். திகில் படம்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜூலியா லிப்மன், இப்படிப்பட்ட காட்சிகள் பார்ப்பவர்களின் எண்ணத்தை மாற்றுகின்றனவா என்று சோதித்துப் பார்த்தார். கலந்துகொண்டவர்கள் எல்லாருமே பெண்கள். சிலருக்கு, விடாமல் துரத்துவதைக் காதலாகவும் காமெடியாகவும் காட்டும் ஹாலிவுட் படம். சிலருக்கு, துரத்துபவனைக் கண்டு நடுங்கவைக்கும் படம். மற்றவர்களுக்கு, ஒப்பீட்டுக்காக, பறவைகளைப் பற்றிய ஆவணப்படம். பிறகு சில கருத்துகளை ஏற்கிறார்களா என்று கேட்டார். இவ்வளவு தூரம் போகிறவன் அவள்மேல் உயிரையே வைத்திருக்க வேண்டும், புகார் சொல்லும் பெண்கள் பலர் முதலில் பிகு பண்ணியவர்கள்தான், என்கிற மாதிரியான கருத்துகள்.

2015இல் முடிவுகள் வெளிவந்தன. நடுங்கவைக்கும் படம் பார்த்தவர்கள் இவற்றைக் குறைவாகவே ஏற்றார்கள். காதல் படம் எல்லாரையும் ஒரே மாதிரி மாற்றவில்லை. படத்தை நிஜம் என்று உணர்ந்தவர்களும் கதைக்குள் மூழ்கிப்போனவர்களும்தான் அதிகம் ஏற்றார்கள். கதையில் லயித்திருக்கும்போது மனம் எதிர்வாதம் செய்வதில்லை. வகுப்பில் ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போகும் கருத்து, நாயகன் சிரித்தபடி சொன்னால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது.

படம் பார்த்து ஆண்கள் கெட்டுப்போகிறார்களா என்பதுதான் நம் ஊரில் வழக்கமான சண்டை. இந்த ஆய்வு அந்தப் பக்கமே போகவில்லை, பெண்கள் என்ன நம்புகிறார்கள் என்றுதான் பார்த்தது. என்னைக் கேட்டால், இதன் முக்கியத்துவமே அதுதான். ஒரு பெண் தனக்கு நடப்பதை முதலில் சொல்வது தோழியிடம், அக்காவிடம், அம்மாவிடம். "விடுடி, பாவம், உன்மேல பைத்தியமா இருக்கான்" என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது.

செய்திகள் செய்யும் குழப்பம் வேறு மாதிரி. 1989இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகை ரெபேக்கா ஷேஃபரை, அவரைத் துரத்திவந்த ரசிகன் ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக்கொன்றான். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா, இப்படித் துரத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். சரி, நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட செய்திகளால், துரத்துபவன் என்றாலே முன்பின் தெரியாத மனநோயாளி என்ற படம் பதிந்துபோகிறது. 1998இல் வெளியான அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்போ வேறு கதை சொன்னது. துரத்தப்பட்ட பெண்களில் 23 சதவீதத்தினரை மட்டுமே முன்பின் தெரியாதவர்கள் துரத்தியிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களைத் துரத்தியது கணவன், காதலன், அல்லது முன்னாள் கணவன், முன்னாள் காதலன். இந்தப் பழைய காதலன், சினிமா காட்டும் அப்பாவியும் இல்லை, செய்தி காட்டும் பைத்தியமும் இல்லை. அதனால் அவனை யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்தியாவில் 2013இல் ஒரு பெண்ணை இப்படிப் பின்தொடர்வது தனிக் குற்றமானது. இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆவது பிரிவு. விருப்பமில்லை என்று அவள் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தானா, பேச முயன்றானா என்றுதான் அது பார்க்கிறது. அவன் எவ்வளவு உருகினான் என்ற கேள்வியே அதில் கிடையாது.