பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய கார் விற்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "பன்னிரண்டு வருஷத்துல முப்பதாயிரம் கிலோமீட்டர்தாண்ணே ஓடியிருக்கு." பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. இங்கே வீடு பெரிது, இருக்க ஆள் கிடையாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வருவார்கள். அந்த நான்கு நாளைக்குத்தான் ஷெட்டிலிருந்து வண்டி வெளியே வரும். மற்ற நாளெல்லாம் துணி போர்த்தி நிற்கும். வாங்க வந்தவர் முகம் மலரும். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஷார்ஜாவில் பதினோரு வருஷம் வேகமான வண்டிகளின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிவிட்டு ஊர் வந்து கழனிவாசல் பக்கம் ஒர்க்‌ஷாப் போட்டவன் நான். போன வருஷம் தேவகோட்டைத் தம்பி ஒருவன் வந்தான். பள்ளத்தூரில் ஒரு வண்டி பார்த்திருக்கிறானாம். டர்போ பெட்ரோல், 240 குதிரைத்திறனுக்கு மேல். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னான். நான் விதித்தது ஒரே நிபந்தனை: நாங்கள் போகும்வரை யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது.

காலை எட்டு மணிக்குப் போனோம். வண்டி நிழலில் நின்றது. பானெட்டில் கையை வைத்தேன், சுட்டது. "பேட்டரி இறங்கிடும்னு சும்மா ரெண்டு நிமிஷம் ஓட விட்டேண்ணே" என்றார் டிரைவர். நல்ல மனுஷர்தான், வேண்டுமென்று செய்தாரா தெரியவில்லை. "அப்ப நாளைக்கு வர்றோம்" என்று கிளம்பிவிட்டேன். தம்பிக்கு முகம் தொங்கிப் போயிற்று.

மறுநாள் ஆறரைக்கே போய், பானெட்டைத் திறந்து, காதை இன்ஜின் முன்பக்கம் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கண்ணாடிச் சீசாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல் ஒரு சத்தம். இரண்டு நொடிதான். பிறகு இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. தம்பிக்குக் காதில் விழவே இல்லை. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் அந்தச் சத்தம் வராது. முதல் நாள் சூடாக இருந்த வண்டியை விட்டுத் திரும்பியதும் இதனால்தான்.

அந்தச் சத்தம் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினுடையது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க நின்றால் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் தொளதொளவென்று கிடந்து, அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடில் அடிக்கும். ஆரோக்கியமான இன்ஜினில் அது காதுக்குத் தெரியாது. கைடு சூட்டில் வெந்து முறுகிப் போனால் தெரியும். பிறகு துண்டு துண்டாக உடைந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழும். துண்டுகள் ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. செயின் பல் தாண்டினாலோ, வால்வும் பிஸ்டனும் மோதிவிடலாம். அப்புறம் பேச்சு இன்ஜினைப் பற்றி இருக்காது, வேறு இன்ஜினைப் பற்றித்தான் இருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் சொருகினால், குறையைக் காட்டும் ஃபால்ட் கோடு ஒன்றும் இல்லை. தம்பிக்கு சந்தோஷம். ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் என்று ஒரு பக்கம் அதே ஸ்கேனரில் உண்டு, அதைத் தள்ளிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்றிருந்தது. சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்க வேண்டும், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். வெறும் ஸ்கேனர் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "க்ளீன்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வீட்டு ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு ஆயிலை இறக்கினேன். புது ஆயிலை நாங்களே ஊற்றித் தருவதாகப் பேச்சு. ஆயில் மூடியின் உட்புறம் காபி நுரை மாதிரி படிந்திருந்தது. நின்ற வண்டியைச் சும்மா ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால், உள்ளே வேர்க்கும் தண்ணீர் ஆவியாகிப் போவதற்குள் இன்ஜின் நின்றுவிடும், அது ஆயிலோடு கலக்கும். டிரைவர் வாரம் தவறாமல் செய்த சேவை அதுதான். தட்டில் இறங்கிய ஆயிலைத் துணியில் வடிகட்டினேன். வெட்டிப் போட்ட நகம் போல பழுப்பு நிறத்தில் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள்.

"அப்ப வண்டி சரியில்லேங்கிறியா?" என்றார் ஆச்சி.

"வண்டி நல்ல வண்டிதான் ஆச்சி. இந்த இன்ஜினுக்கு இது கூடப் பிறந்தது."

வேகமான வண்டிகளில் இப்படிக் கூடப் பிறந்த குறை பலதுக்கும் உண்டு. உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சங்கதிதான். 328ஐ போன்றவற்றில் வந்த பிஎம்டபிள்யூ என்20 இன்ஜினுக்கு இதே செயின் கைடு. அதே கம்பெனியின் என்47 டீசலுக்கு அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, கை வைக்கவே கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பத்து வயதான டீசல் டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தபின், அந்த வண்டிகள் என்ஓசி என்கிற ஆட்சேபணையில்லாச் சான்றோடு தெற்கே இறங்கின. அடிமாட்டு விலைக்கு ஒரு பிஎம்டபிள்யூ 320டி வந்தால், அதற்குள் என்47 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஆடி ஏ4 ஆகியவற்றில் வந்த இஏ888 டர்போ பெட்ரோலின் இரண்டாம் தலைமுறைக்குப் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும் வழக்கம் உண்டு. செயின் டென்ஷனரும் சந்தேகத்துக்குரியது.

பிஎம்டபிள்யூவின் எட்டு சிலிண்டர் எம்3, பத்து சிலிண்டர் எம்5 இரண்டுக்கும் குறை, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் ஏறும் இன்ஜின்கள் அவை. அந்தப் பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் புரியும். பாதி வளையல் அளவு, மேலே சாம்பல் பூச்சு, தேயத் தேய அடியிலிருந்து செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். ஆயில் சூடாகும்வரை எவ்வளவு சுற்றலாம் என்று எம்3யின் டேக்கோமீட்டரில் விளக்குகளே காட்டும். அதைப் பார்த்தும் காலங்காத்தாலே திருமயம் ரோட்டில் மிதிப்பவர்களை என்ன சொல்ல?

நம் ஊருக்கு மிகப் பொருந்துவது போர்ஷே 911இன் 996 தலைமுறை, பாக்ஸ்டர் இரண்டின் கதை. 1997 மாடல் முதல் சுமார் பத்து வருஷ இன்ஜின்களில், கிராங்கின் சுழற்சியை வால்வு பக்கம் கடத்தும் இடைத்தண்டுக்குப் பேரிங் ஒன்று உண்டு. உள்ளே கிரீஸ் வைத்து மூடிய பேரிங். காலப்போக்கில் இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். தினமும் ஓடும் வண்டியைவிட ஷெட்டில் நிற்கும் வண்டிதான் இதில் அதிகம் மாட்டும் என்பது தொழிலில் இருப்பவர்கள் கண்டது. 2005 வரையிலான பெரும்பாலான இன்ஜின்களில், கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸ் இறக்கும்போதே சேர்த்து மாற்றிவிடலாம். அதற்குப் பின் வந்தவற்றில் இன்ஜினையே பிரிக்க வேண்டும். 2009 மாடலில் அந்தத் தண்டே இல்லாத புது இன்ஜின் வந்துவிட்டது.

குறை இருக்கிறது என்பதற்காக வாங்காதே என்று நான் சொல்வதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு அலமாரி வாங்கப் போனால் முதுகுப்பலகையைத் தட்டி, செல்லரித்ததா என்று பார்த்து, அதற்குத் தக்கபடி விலை கேட்கிறோம். வண்டி என்றதும் மட்டும் பெயின்ட் பளபளப்பில் மயங்கி நிற்கிறோம். வண்டியில் இருப்பது எந்த இன்ஜின் என்று ஆர்சியிலோ மாடல் விவரத்திலோ தெரிந்துகொண்டு, அதன் குறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "செயின் மாத்தியாச்சா, பில் இருக்கா?" பில்லில் பார்ட் நம்பரும் ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும். "ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்லேண்ணே" என்கிற வண்டியைவிட, பேரிங் மாற்றிய பில் வைத்திருக்கும் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மாற்றவில்லை என்றால் பார்ட்ஸும் கூலியும் எவ்வளவு என்று எழுதி வாங்கி விலையில் கழியுங்கள்.

இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றித் திறனை ஏற்றிய, அதாவது ரீமேப் செய்த வண்டி என்றால் இந்தக் கணக்கெல்லாம் இரட்டிப்பு. எலி, அணில் தனிக் கதை. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் தென்னை நாரில் கூடு கட்டியிருந்ததை நான் எடுத்திருக்கிறேன்.

வாங்கிய பின் கஞ்சத்தனம் செய்பவர்களும் உண்டு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம். புத்தகத்தில் இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்று போட்டிருந்தாலும் நான் எட்டாயிரத்தில் மாற்றச் சொல்வேன். ஓடாவிட்டாலும் வருஷம் ஒருமுறை. நிற்கும் வண்டியை மாதம் இரண்டு தடவை திருப்பத்தூர் வரையாவது ஓட்டி, நன்றாகச் சூடேற்றிக் கொண்டு வந்து நிறுத்துங்கள். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், டேங்கில் மாதக்கணக்கில் கிடக்க விடாதீர்கள்.

பள்ளத்தூர் வண்டிக்குச் செயின், கைடு, டென்ஷனர், சம்ப் இறக்கிக் கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் எழுதிக் கொடுத்தேன். ஆச்சி அந்த மூன்று துண்டையும் தாளில் மடித்து வாங்கி, சென்னையில் இருக்கும் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினார். சாயங்காலம் போன் வந்தது. ஒன்றரை லட்சம் குறைத்தார்கள்.

பத்து நாள் என் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பிள்ளையார்பட்டிக்குப் போய் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தது அதற்கப்புறம்தான். பழைய கைடைக் குப்பையில் போடப் போனேன். தம்பி வாங்கி, பில்லோடு சேர்த்துக் கவரில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டான். "நாளைக்கு வாங்க வர்றவருக்குக் காட்டணும்லண்ணே" என்றான்.