சூட்டில் தளராத மெக்னீசியம்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் சரக்கு லாரி தொப்பூர் கணவாயில் முக்கி முனகித்தான் ஏறும். அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு, அதை மூடியிருக்கும் உலோகக் கூட்டுக்கும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டை மெக்னீசியத்தில் வார்த்தால் என்ன? 27 கிலோ அலுமினியக் கூடு, அதே அளவில் சுமார் 18 கிலோவுக்கு இறங்கிவிடும். ஓசூரில் வண்டி செய்பவர்களுக்கு இது சின்ன லாபம் இல்லை.

சிக்கல், கூட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டில் வருகிறது. வார்ப்பு வேலையில் அதிகம் புழங்கும் மெக்னீசியக் கலவை ஏஇசட்91. அதில் 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம். சாதாரண வெப்பத்தில் நல்ல பலம். 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், போல்ட் தலைக்கு அடியில் உள்ள உலோகம் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். போல்ட் அப்படியேதான் இருக்கும், பிடி மட்டும் விட்டுப்போகும். அப்புறம் எண்ணெய் கசியும். இந்த மெதுவான இளக்கத்துக்குப் பெயர் க்ரீப். மெக்னீசியம் 650 டிகிரியிலேயே, அதாவது 923 கெல்வினில் உருகிவிடும். 150 டிகிரி என்பது 423 கெல்வின். உருகுநிலையில் கிட்டத்தட்ட பாதி. இரும்புக்கு வெதுவெதுப்பாக இருப்பது இதற்குக் கடும் சூடு.

உள்ளே நடப்பதைப் பார்க்க, கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைக் கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். மெக்னீசிய அணுக்களும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கின்றன. பக்கவாட்டில் தள்ளினால் ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்கும். ஏஇசட்91-இல் உருவாகும் நுண்துகள்கள் பெரும்பாலும் அந்த அடுக்குக்கு இணையாகப் படுத்துக் கிடப்பவை. கற்களுக்கு நடுவே பாய் விரித்த மாதிரி. வழுக்கலை அதிகம் தடுக்காது. போதாக்குறைக்கு, மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்து உண்டாகும் இந்தத் துகள்களின் சேர்மம் சூட்டில் சீக்கிரமே இளகிவிடும்.

இட்ரியம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களைச் சேர்த்தால் கதை மாறுகிறது. டபிள்யூஇ43 கலவையில் இட்ரியம் சுமார் 4 சதவீதம், மற்ற அருமண்கள் சுமார் 3 சதவீதம். வார்ப்பை 525 டிகிரியில் 8 மணி நேரம் வைத்து அவற்றைக் கரைத்து, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 250 டிகிரியில் 16 மணி நேரம் வைக்கிறார்கள். அப்போது பிறக்கும் மெல்லிய தகடுகள் அடுக்குகளுக்குக் குறுக்கே செங்குத்தாக நிற்கின்றன. கல் அடுக்கின் ஊடே முளை அடித்த மாதிரி. இப்படி நிற்கும் விதம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே உலோகம், துகள் படுத்தால் ஒரு குணம், நின்றால் வேறு குணம். அதோடு இந்தத் தகடுகள் சூட்டில் அவ்வளவு சீக்கிரம் கரைவதுமில்லை, தடிப்பதுமில்லை. அதனால் 250 டிகிரி வரை பலம் நிற்கிறது. 300-ஐத் தாண்டினால் இவையும் தடித்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் பிடியை இழக்கும்.

விலைதான் இடிக்கிறது. அதனால் இந்தக் கலவை சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸ் போன்ற இடங்களுக்குத்தான் போகிறது. லாரிக்கு நான் நம்புவது ஏஇ44-ஐ: 4 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் மலிவான அருமண்களான சீரியம், லாந்தனம் கலப்பு. இங்கே அருமண் வேறு விதமாக வேலை செய்கிறது. அலுமினியத்தைத் தன்னோடு கட்டிப்போட்டு, சூட்டில் இளகும் அந்தச் சேர்மம் உருவாகவே விடாது. 2006 கார்வெட் இசட்06 காரில் எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை இதில்தான் வார்த்தார்கள்.