கோல்டு கார்டை நம்பி அம்மாவுக்கு சீட் போடாமல் விடாதீர்கள்

போன அக்டோபரில் ஒரு வாடிக்கையாளர் தன் அம்மாவை அமெரிக்காவுக்கு அழைத்துப் போக டிக்கெட் போட வந்தார். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்னையிலிருந்து ஐரோப்பா போய், அங்கே விமானம் மாறி சான் பிரான்சிஸ்கோ. "ரெண்டாவது ஃபிளைட் பதினோரு மணி நேரம் சார், அம்மாவுக்காவது பிரீமியம் எகானமி போட்டுடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாங்க, என்கிட்ட கோல்டு இருக்கு. எப்படியும் பிசினஸ் கிளாஸுக்கு மாத்திடுவாங்க" என்றார். விமான நிறுவனம் தன்னிடம் அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கார்டு அது.

மாற்றவில்லை. எப்படியும் மாறத்தானே போகிறோம் என்று அவர் முன்கூட்டியே சீட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது நடு வரிசையின் நடு சீட். இறங்கும்போது அம்மாவின் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் மாட்டவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் வெளியே வந்தார்களாம். அவர் அதைச் சொன்னபோது, அன்றைக்கு இன்னும் பத்து நிமிடம் உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும் என்று எனக்கு மனது அடித்துக்கொண்டது. அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் படித்தவர்களும் அடிக்கடி பயணம் போகிறவர்களும்கூட ஏமாந்து நிற்பதை மாதம் ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

சில்வர், கோல்டு என்று இந்தக் கார்டுகளில் இருக்கும் நிலையைத்தான் ஸ்டேட்டஸ் என்பார்கள். அது இருப்பவருக்கு விமான நிறுவனம் தருவது வரிசையில் ஓர் இடம். விற்காமல் மிஞ்சும் முன்பக்க உயர் வகுப்புச் சீட்டுக்கான வரிசை அது. சீட் மிஞ்சாவிட்டால் வரிசையில் முதல் ஆளாக நின்றாலும் ஒன்றும் கிடைக்காது.

இலவச அப்கிரேடு, அதாவது காசு வாங்காமல் மேல் வகுப்புக்கு மாற்றுவது, முக்கியமாக அமெரிக்க உள்நாட்டு விமானங்களின் பழக்கம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று, அடிக்கடி பறப்பவருக்கு மைல்கள் சேர்த்துத் தரும் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் மைலேஜ் திட்டத்தோடு வந்தது. முன்பக்கச் சீட்டுகள் பெரும்பாலும் காலியாகவே பறந்த காலத்தில், அடிக்கடி வருகிறவரை அங்கே உட்கார வைப்பதால் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. இப்போது நிலைமை வேறு. பதினைந்து வருடத்துக்கு முன் உள்நாட்டு முதல் வகுப்பில் சுமார் 12 சதவீதச் சீட்டுகளைத்தான் காசுக்கு விற்றோம், இன்று நான்கில் மூன்று பங்கை விற்கிறோம் என்று டெல்டா ஏர்லைன்ஸ் தன் முதலீட்டாளர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறது. மிச்சம் இருக்கும் கால் பங்குக்குத்தான் இத்தனை கார்டுகளும் வரிசை கட்டுகின்றன.

அந்த வரிசை எப்படி நகர்கிறது என்பதற்கு யுனைடெட்டை எடுத்துக்கொள்வோம். அழைப்பின் பேரில் மட்டும் கிடைக்கும் குளோபல் சர்வீசஸ் ஆட்களுக்குப் புறப்பாட்டுக்கு 120 மணி நேரம் முன்பே அப்கிரேடு உறுதியாகத் தொடங்கிவிடும். அதற்கு அடுத்த நிலையான 1கே-வுக்கு 96 மணி நேரம், பிளாட்டினத்துக்கு 72, கோல்டுக்கு 48. சில்வருக்குப் பயணத்துக்கு முந்தைய கடைசி நாள்தான். டெல்டாவிலும் அமெரிக்கனிலும் மணிக்கணக்கு வேறு, முறை இதேதான். யுனைடெட்டில் ஒரே ஸ்டேட்டஸில் பலர் இருந்தால் யார் அதிக விலை ஃபேர் கிளாஸில், அதாவது கட்டண வகையில், டிக்கெட் வாங்கினார் என்று பார்ப்பார்கள். யார் முதலில் கேட்டார் என்பதெல்லாம் கடைசியில்தான்.

என் வாடிக்கையாளர் ஒருவர், ஐடி புராஜெக்ட்டுக்காக அமெரிக்காவின் நெவார்க்கில் இருந்தவர், திங்கட்கிழமை காலை விமானம் ஏறும் கேட்டில் நின்றுகொண்டு அப்கிரேடு வரிசையைக் காட்டும் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். மிச்சம் ஒரு சீட். கீழே குடும்பப் பெயரின் மூன்று எழுத்தும் பெயரின் முதல் எழுத்துமாக ஒரு பட்டியல். அவர் பதினேழாவது ஆள். "நான் சில்வர் ஆச்சே சார்" என்று எழுதியிருந்தார். திங்கள் காலை விமானத்தில் பாதிப் பேர் அலுவலகப் பயணிகள், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு கார்டு இருக்கும். அதே ஊருக்குச் சனிக்கிழமை மதியம் போயிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மகனின் கோல்டு ஓர் அமெரிக்க நிறுவனத்தினுடையது. டிக்கெட்டிலும் அந்த நிறுவனத்தின் விமான எண்தான் இருந்தது. ஆனால் பறந்த விமானம் கூட்டாளி நிறுவனத்தினுடையது. கோட்ஷேர் என்பார்கள். பல விமான நிறுவனங்களின் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டு கார்டைக் கூட்டாளி நிறுவனத்தில் காட்டினால் லவுஞ்ச் உண்டு, செக்-இன்னில் தனி வரிசை உண்டு, எடை முறையில் 20 கிலோவோ, எண்ணிக்கை முறையில் ஒரு பெட்டியோ கூடுதல் லக்கேஜ் உண்டு, முன்னதாக ஏறலாம். அப்கிரேடு அந்தப் பட்டியலிலேயே கிடையாது. எந்த அலையன்ஸ் கார்டானாலும் இலவச அப்கிரேடு பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த விமானத்தோடு முடிந்துவிடும். ஆகவே டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே 'இயக்குபவர்' என்று சின்ன எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி ஏமாற்றம் அந்த ஒரு வரியைப் படிக்காததால் வருவது.

சொந்த விமானமாகவே இருந்தாலும் கடல் தாண்டும் நீண்ட பயணத்தில் இலவசம் என்ற பேச்சு அநேகமாக இல்லை. யுனைடெட் 2019 டிசம்பரில் பிளஸ்பாயிண்ட்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது வந்தபோது பிளாட்டினத்தை எட்டியவருக்கு 40 புள்ளி, 1கே-வை எட்டியவருக்கு 280. நீண்ட தூர பிசினஸ் கிளாஸுக்கு அந்தப் புள்ளிகளைச் செலவழித்துக் கேட்க வேண்டும், அதுவும் சீட் இருந்தால்தான். நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கிரிஸ்ஃபிளையர் கோல்டு வைத்திருந்தாலும், அது ஓர் உரிமையாக இலவச அப்கிரேடைத் தராது. மைல்களைக் கொடுத்துக் கேட்கலாம், அல்லது இவ்வளவு தருகிறேன் என்று ஏலம் கேட்கலாம். மைல்களால் மாற்ற நினைப்பவர் எகானமி லைட் டிக்கெட் வாங்கியிருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். விலை குறைவு என்று எடுத்த டிக்கெட்டே அப்கிரேடுக்குத் தடையாக நிற்பது பல நிறுவனங்களில் உண்டு. யுனைடெட், டெல்டா இரண்டிலும் பேசிக் வகை டிக்கெட்டுக்கு அப்கிரேடே கிடையாது.

கோட் போட்டுப் போனால், கவுன்டரில் சிரித்துப் பேசினால் கிடைக்கும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். எகானமியில் இருக்கும் சீட்டைவிட அதிகம் விற்றுவிட்டு, வேறு வழியில்லாமல் சிலரை முன்னே அனுப்பும் நாட்கள் உண்டு. அன்றைக்கு ஸ்டேட்டஸ் உள்ளவர்களை, பெரும்பாலும் தனியாகப் போகிறவர்களை, முதலில் எடுப்பார்கள். அதைத் திட்டத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

தம்பதியாகப் போகும்போது இருவரும் ஒரே பிஎன்ஆரில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அமெரிக்க நிறுவனங்களில் துணைக்கும் அந்த வரிசையில் இடம் கிடைக்க வேண்டுமானால் பொதுவாக அதுதான் வழி. ஒரு சீட் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பேசிக்கொண்டு போங்கள். கேட்டில் நின்று பேச நேரம் இருக்காது.

அப்புறம், பெயர். இது நமக்கென்றே இருக்கும் தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, மைல் கணக்கில் இனிஷியலை விரித்து அப்பா பெயர், டிக்கெட்டில் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் இடத்தில். அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று வேறு அச்சாகியிருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் கணக்கு எண் டிக்கெட்டில் ஏறாது. ஏறாவிட்டால் உங்களுக்கு ஸ்டேட்டஸ் இருப்பதே கணினிக்குத் தெரியாது. இரண்டு வருடப் பயணத்தின் மைல்கள் சேராமல் நின்ற ஒருவருக்காக நான் மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கணக்கில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இன்றைக்கே திருத்தி வையுங்கள், பத்து நிமிட வேலை.

டிசம்பர் வந்தால் இன்னொரு கவலை. ஸ்டேட்டஸ் போய்விடுமே என்று தேவையில்லாத பயணம் போடச் சொல்லி வருவார்கள். பறந்த தூரத்தைக் கணக்கிட்ட காலத்தில் அதில் ஓரளவு அர்த்தம் இருந்தது. டெல்டாவில் 2024 முதல் முழுக்க டாலர் கணக்குதான்: சில்வருக்கு 5,000, கோல்டுக்கு 10,000, பிளாட்டினத்துக்கு 15,000, டைமண்டுக்கு 28,000 என்று வைத்தார்கள். முதலில் இதைவிட அதிகமாக அறிவித்து, பயணிகள் கொதித்த பிறகு குறைத்த தொகை இது. சொந்தக் காசில் இந்தக் கணக்கை எட்டப் பார்ப்பவர்களை நான் தடுத்துவிடுகிறேன். அலுவலகம் டிக்கெட் போட்டுத் தருகிறது, ஸ்டேட்டஸ் தானாக வருகிறது என்றால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறோம், கீழே இறக்கினால் என்ன என்பது பலருக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய வகுப்பிலிருந்து நிறுவனம் உங்களைக் கீழ் வகுப்புக்கு மாற்றினால், இந்தியாவில் 2023 பிப்ரவரி 15 முதல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அமைப்பின் விதிப்படி பணம் திரும்பக் கிடைக்கும். உள்நாட்டில் வரியோடு சேர்த்து டிக்கெட் தொகையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50 அல்லது 75 சதவீதம். இது கார்டு இல்லாதவருக்கும் உண்டு. கவுன்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா ஏப்ரலில் திரும்பி வந்தார். மகன் இந்த முறை ஜனவரியிலேயே கூப்பிட்டார். எந்த நிறுவனத்தின் விமானம் என்று அவரே முதலில் கேட்டார். நீண்ட பயணத்துக்குப் பிரீமியம் எகானமி, ஓரச் சீட், சக்கர நாற்காலி உதவி, மூன்றையும் அன்றைக்கே டிக்கெட்டில் பதிவு செய்தோம். அக்டோபரில் நான் சொன்ன கூடுதல் தொகையைவிட ஆறாயிரம் ரூபாய் அதிகமாகவே ஆனது. சென்னையில் இறங்கியதும் மகனுக்குப் போன் செய்த அம்மா, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன் என்றாராம்.