போனிடம் கேட்காத கேள்வி

"அண்ணா, எனக்கு மணிக்கட்டுதான் பிரச்சினையாம். போன் சொல்லுச்சு."

புதுவண்ணாரப்பேட்டையில் நான் கேரம் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை. சிவப்புக் காயை, அதாவது ரெட்டை, அழகாகப் போட்டுவிடுவாள். அடுத்து ஃபாலோ, அதாவது ரெட்டுக்குப் பின்னால் உடனே போட வேண்டிய தன் காய், போகாது, ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். ஏன் என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். மணிக்கட்டு, விரல் அழுத்தம், ஸ்ட்ரைக்கர் வைக்கும் இடம் என்று வரிசையாகக் காரணங்கள் வந்திருக்கின்றன. எதுவும் தப்பில்லை. சொல்லப்போனால் முதல் வாரம் நானும் அவள் மணிக்கட்டைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஸ்டூலைப் போட்டுச் சும்மா பார்த்தேன். ஒரு அடிக்கு 15 வினாடி வரை விதியில் இடம் உண்டு. இவளோ ரெட் விழுந்ததும் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்ததும் வைக்காததுமாகத் தட்டிவிடுகிறாள். அதுவும் எல்லா நாளும் இல்லை, செவ்வாயும் வெள்ளியும்தான். கண் வாசலுக்குப் போய்ப் போய் வருகிறது.

"யாராவது வர்றாங்களாம்மா?"

"தண்ணி லாரி வர்ற நாள்ணா. அம்மா காசிமேட்டுல மீன் விக்கப் போயிருக்கும். நான்தான் குடம் வைக்கணும்."

இதை அவள் போனிடம் சொல்லியிருக்க மாட்டாள். மறைப்பதற்காக இல்லை, ஃபாலோவுக்கும் குடத்துக்கும் சம்பந்தம் இருப்பது அவளுக்கே தெரியாது. நாம் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் ஏஐ பதில் கட்டும். வாசலைப் பார்க்கும் கண் அதற்கு எங்கே தெரியப்போகிறது?

இன்னொன்று, பாராட்டு. பயன்படுத்துபவர்களுக்குப் பிடித்த பதில் எது என்று பார்த்தும் இந்தக் கருவிகளைப் பழக்குகிறார்கள். அதனால் ஆமாம் போடும் குணம் வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடிக்கு வந்த ஒரு மாற்றம் ரொம்பவே முகஸ்துதி பாடியதால் ஓப்பன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அருமை, பிரமாதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஆட்டம் எங்கே வளரும்?

எனக்கு ஏஐமேல் கோபம் ஒன்றும் கிடையாது. போட்டி அட்டவணை போடுவது, விதிகளை எளிய தமிழில் எழுதுவது எல்லாம் அதை வைத்துத்தான் (விதிப் புத்தகத்தோடு ஒருமுறை சரிபார்த்துவிடுவேன்). ஆனால், "போன்லயே எல்லாம் வருதே, கோச்சிங் எதுக்கு?" என்று பெற்றோர் கேட்கும்போது இந்தப் பேட்டைக் கதையைத்தான் சொல்வேன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இங்கே வளர்ந்த பிள்ளை. பழக்கியவர் ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பா. தினமும் எதிரில் உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்குத் தெரிகிற விஷயங்கள் வேறு. பிள்ளையைச் சேர்க்கும் முன் அரை மணி நேரம் வந்து உட்காருங்கள். கோச் காயை மட்டும் பார்க்கிறாரா, பிள்ளையையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

சரி, அவள் விஷயத்துக்கு வருகிறேன். லாரி வரும் நாட்களில் அவளுக்குப் பயிற்சி கிடையாது, பதிலாகச் சனி, ஞாயிறு காலையில் வருகிறாள். ரெட் விழுந்ததும் இப்போது பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் ஸ்ட்ரைக்கரைத் தொடுகிறாள். அதை நான் சொல்லித்தரவில்லை.