வாய்ச்சொல்லுக்கு அவதூறு வழக்கா? இங்கிலாந்துச் சட்டம் தரும் எதிர்வாதங்கள்

கூட்டத்தில் நாலு பேர் முன்னால் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டீர்கள். கொஞ்ச நாளில் வக்கீல் கடிதம் வருகிறது: அவதூறு பேசினீர்கள், மன்னிப்பும் நஷ்டஈடும் வேண்டும் என்று. பயத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதில் சொல்லப் பொதுவாக 14 நாள் உண்டு. கீழே உள்ளது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்; ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம்.

முதலில், அவருடைய வழக்கு நிற்குமா என்று பாருங்கள். 2013 அவதூறுச் சட்டப்படி, அவருடைய நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு வந்திருக்க வேண்டும், அல்லது வரக்கூடியதாக இருக்க வேண்டும். பேச்சாக இருந்தால், பணமதிப்புள்ள இழப்பையும் அவர் காட்ட வேண்டும். இதற்கு இரண்டு விலக்கு: சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தைச் சுமத்தியது, தொழிலையோ பதவியையோ கெடுக்கும்படி பேசியது. எந்தச் சொற்களை, எப்போது, யாரிடம் சொன்னீர்கள் என்றும் அவர் குறிப்பிட வேண்டும். நீங்கள் பேசியது தமிழில், கேட்டவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்றால், அவதூறு யாரையும் போய்ச் சேரவில்லை. பொதுவாக வழக்குப் போடக் கெடு ஓராண்டு.

வழக்கு நிற்கும் என்றால், நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "அவன் கல்லாவில் கை வைத்தவன்" என்பது நடந்ததைச் சொல்லும் வாக்கியம். அதற்கு உண்மைதான் எதிர்வாதம். ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள்மேல்; அவர் பொய் என்று காட்டத் தேவையில்லை. அட்சரம் பிசகாமல் சரியாக இருக்க வேண்டியதில்லை, சாராம்சம் உண்மையாக இருந்தால் போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: "நானாகச் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது" என்பது உண்மைக்கான ஆதாரம் ஆகாது. ஊர் சொன்னதை அல்ல, அவர் கை வைத்ததை நிரூபிக்க வேண்டும்.

"அவர் போட்ட கூரை மூன்று வீட்டில் ஒழுகுகிறது, என்னைக் கேட்டால் அவருக்கு இந்த வேலை தெரியாது" என்பதன் பின்பாதி கருத்து. நேர்மையான கருத்து என்ற எதிர்வாதத்துக்கு, கருத்தின் அடிப்படை என்ன என்று பேச்சிலேயே தெரிய வேண்டும். அப்போதிருந்த உண்மையை வைத்து நேர்மையான ஒருவர் அப்படி நினைத்திருக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். நீங்களே அப்படி நினைக்கவில்லை என்று அவர் காட்டிவிட்டால் இந்த எதிர்வாதம் போய்விடும்.

சில இடங்களில் பேசியதற்குச் சட்டமே காவல். நாடாளுமன்றத்திலும் நீதிமன்ற நடவடிக்கையிலும் அது முழுக் காவல்: என்ன நோக்கத்தோடு பேசியிருந்தாலும் அவதூறு வழக்கு நிற்காது. குற்றம் நடந்தது என்று போலீஸில் சொல்லும் புகாருக்கும் அது உண்டு என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்ட்காட் வழக்கில் சொன்னது. அடிபட்டவர்கள் பயமில்லாமல் போலீஸுக்குப் போக இந்தத் தீர்ப்பு மிக அவசியம் என்பது என் எண்ணம். அதே விஷயத்தைக் கல்யாண மண்டபத்தில் சொன்னால் அந்தக் காவல் கிடையாது.

சொல்ல வேண்டிய கடமை உள்ளவர், கேட்க வேண்டிய தேவை உள்ளவரிடம் சொன்னால் நிபந்தனையோடு காவல் உண்டு. பழைய ஊழியரைப் பற்றிப் புது முதலாளி விசாரித்தால் சொல்லும் பதில் இந்த ரகம். தீய நோக்கம் நிரூபணமானால் இது போய்விடும். போல்டன் நகர மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இன்னொருவரைச் சாடிப் பேசிய ஹாரக்ஸ் எதிர் லோ வழக்கில், பேசியவர் கண்மூடித்தனமான பாரபட்சத்தோடு பேசினார் என்றே விசாரணை நீதிபதி கண்டார். ஆனாலும் சொன்னதை மனதார நம்பினார். அதனால் தீய நோக்கம் நிரூபணமாகவில்லை என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1974-ல் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

பொதுநலன் சார்ந்த விஷயம், அதைச் சொல்வது பொதுநலனுக்கு உகந்தது என்று நியாயமாக நம்பிப் பேசினேன் என்ற எதிர்வாதமும் பேச்சுக்கு உண்டு. ஆனால் பேசுமுன் எவ்வளவு விசாரித்தீர்கள் என்று கோர்ட் துருவும்.

சொன்னது தவறு என்று உங்களுக்கே தெரிந்தால், எதிர்வாத மனு கொடுப்பதற்கு முன்பே 1996 அவதூறுச் சட்டப்படி எழுத்தில் பரிகாரம் முன்வைக்கலாம்: திருத்தம், மன்னிப்பு, தகுந்த நஷ்டஈடு. அவர் ஏற்காவிட்டால், பொய் என்று தெரிந்தே பேசினீர்கள் என்று அவர் காட்டாத வரை, முன்வைத்ததே உங்களுக்கு எதிர்வாதம் ஆகும். ஆனால் அதைக் கையில் எடுத்தால் வேறு எந்த எதிர்வாதத்தையும் கூடவே வைக்க முடியாது. அதனால் வக்கீலைப் பார்க்காமல் அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.