ரெப்பாசிட்டரிய கிடங்குல போட்டுப் பூட்டாதீங்க

"ஆய்வுக் கட்டுரைக் கிடங்கு"ங்கிற சொல்ல இதுக்கு மேல தாங்க முடியல. ஆய்வாளர்கள் தங்களோட ஆய்வை எல்லாரும் எடுத்துக்கற மாதிரி இணையத்துல வைக்கற இடத்துக்கு ஆங்கிலத்துல ரெப்பாசிட்டரின்னு பேரு, அதுக்குத்தான் இந்த மொழிபெயர்ப்பு. அறிவியல் செய்தி எதைத் திறந்தாலும் "இந்த ஆய்வு ஆர்க்கைவ் எனும் கட்டுரைக் கிடங்கில் பதிவேற்றப்பட்டுள்ளது"ன்னு ஒரு வரி வந்துடுது. எவரோ ஒருத்தர் அகராதியப் பார்த்து எழுதிட்டாரு, அடுத்தவரு அவரைப் பார்த்து எழுதிட்டாரு, இப்ப மெஷின் மொழிபெயர்ப்பும் அதையே துப்புது. இந்தத் தொடர்ல கட்டுரைங்கிறதும் தப்பு, கிடங்குங்கிறதும் தப்பு, மிச்சம் இருக்கறது ஆய்வு மட்டும்தான், அதை வேணா வச்சுக்கலாம்.

மூலத்தைச் சீக்கிரம் சொல்லி முடிச்சுடறேன். ரெப்பாசிட்டரி லத்தீன் வழி வந்தது. 'போனெரெ'ன்னா வை. 'ரெ' சேர்ந்து 'ரெபோனெரெ'ன்னு ஆனா திரும்ப வை, எடுத்து வைன்னு பொருள். அதுல இருந்து 'ரெப்போசிட்டோரியம்'. ரோமானியர்கள் விருந்துல பதார்த்தங்களை அடுக்கிக் கொண்டு வந்து நடுவுல வைக்கற தட்டுக்கும் இதே பேர்தான் (எனக்கு இந்தப் பழைய பொருள்தான் ரொம்பப் பிடிச்சது, எல்லாரும் கை நீட்டி எடுத்துக்கலாம் பாருங்க). டெப்பாசிட், பொசிஷன் எல்லாம் இதே 'போனெரெ' குடும்பம்தான். டெப்பாசிட் சொந்தக்காரன்ங்கிறத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

முதல்ல கட்டுரை. 1991 ஆகஸ்ட்ல இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல ஆர்க்கைவ் ஆரம்பிச்சப்ப அது இயற்பியல்காரங்க தங்களுக்குள்ள சுத்துக்கு விட்டுக்கிட்டிருந்த கட்டுரைகளுக்கான இடம், அதுவும் ஈமெயில்ல கேட்டு வாங்கிக்கற மாதிரி. அப்ப கட்டுரைன்னு சொல்லியிருந்தா சரி. அதுக்கப்புறம் உலகம் எங்கேயோ போயிடுச்சு. 2002ல எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து வெளியிட்ட டிஸ்பேஸ்ங்கிற மென்பொருள வச்சுத்தான் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் தங்களோட ரெப்பாசிட்டரிய நடத்துது. அதுல ஒரு பொருளைச் சேர்க்கப் போனா 'இது என்ன வகை'ன்னு ஒரு பட்டியல் விரியும். கட்டுரை, புத்தகம், புத்தகத்துல ஒரு அத்தியாயம், ஆய்வேடு, தொழில்நுட்ப அறிக்கை எல்லாம் இருக்கும், அதோட வரைபடம், கட்டட பிளான், அனிமேஷன், முப்பரிமாணப் படம், வாய்மொழி ஒலிப்பதிவு, ஏன், இசைக்குறிப்பு வரைக்கும் இருக்கும். ஒருத்தர் சிம்பொனி எழுதி முனைவர் பட்டத்துக்குக் கொடுத்திருந்தா அந்த இசைக்குறிப்புதான் அவரோட ஆய்வு. அதைக் கொண்டுபோய் 'கட்டுரைக் கிடங்கு'ல எங்கே வைப்பீங்க?

ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையமான செர்ன்ல 2013ல ஆரம்பிச்ச ஸெனோடோங்கிற ரெப்பாசிட்டரிய எடுத்துக்குங்க. அலெக்சாந்திரியா நூலகத்தோட முதல் நூலகர் ஸெனோடோட்டஸ் பேரு அது. எந்தத் துறையா இருந்தாலும் எந்த ஃபைல் வடிவமா இருந்தாலும் வாங்கிக்கும், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும். அங்க போய்ப் பார்த்தா கட்டுரைக்குப் பக்கத்துலயே தரவுத் தொகுதி, மென்பொருள், மாநாட்டு ஸ்லைடு, ஆய்வு முறைக் குறிப்பு, ப்ராஜெக்ட் அறிக்கைன்னு கலந்து கட்டிக் கிடக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா டிஓஐங்கிற நிலையான அடையாள எண்ணும் இருக்கும், அதாவது ஒரு எக்செல் ஷீட்டைக்கூட முறையா மேற்கோள் காட்டலாம். இதுக்கெல்லாம் முன்னாடியே 1971ல ப்ரோட்டீன் டேட்டா பேங்க் ஏழே ஏழு புரத அமைப்புகளோட தொடங்கிடுச்சு, அதுல இருக்கறது அணுக்களோட இட விவரம், ஒரு வாக்கியம்கூட இல்லாம எண்களாவே இருந்தாலும் அதுவும் ஆய்வுதான். ஆஸ்திரேலியாவுல 2003ல தொடங்கின பாரடிசெக்ங்கிற ரெப்பாசிட்டரியில பெரும்பாலும் இருக்கறது சின்னச் சின்ன மொழிகளைப் பேசறவங்களோட குரல் பதிவுகள். இந்த மொத்தக் கூட்டத்தையும் கட்டுரைங்கிற ஒத்தைச் சொல்லுக்குள்ள அமுக்கினா படிக்கற பையன் என்ன நினைப்பான்? தரவு, நிரல், பதிவு எல்லாம் ஆய்வே இல்ல, அச்சுல நாலு பக்கம் வந்தாத்தான் ஆய்வுன்னு நினைச்சுக்குவான். நினைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

சரி, இப்ப நம்ம கிடங்குக்கு வருவோம்.

கிடங்கு நல்ல பழைய சொல்தான், அதுல எனக்குச் சண்டை இல்ல. மதுரைக்காஞ்சியில "மணிநீர்க் கிடங்கு"ன்னு வருது, கோட்டையச் சுத்தி இருக்கற அகழியத்தான் அப்படிச் சொல்லியிருக்கு. பள்ளம், அகழிங்கிறதுதான் பழைய பொருள், அப்புறம்தான் சரக்குப் போடற இடமாச்சு. ஆங்கிலத்துல கோடவுன்னு சொல்றாங்களே, அதுவே மலாய் மொழி 'குடாங்' வழியா நம்ம கிடங்குக்கோ தெலுங்கு கிட்டங்கிக்கோதான் போய்ச் சேரும்னு சொல்லாராய்ச்சிக்காரங்க காட்டறாங்க. அப்ப பெருமையான சொல்தானே, அப்புறம் ஏன் வேண்டாங்கறே? வினையப் பாருங்க. கிடங்கு பொறந்தது கிடங்கிற வினையில இருந்து. கிடக்கறதுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம், மூலையில கிடக்கு, தூசி படிஞ்சு கிடக்கு, கேட்பாரில்லாம கிடக்கு. ஆனா வைங்கிறது அப்படி இல்ல. வைக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், ஒரு பொருள் வேணும், இங்க வைக்கறேன்ங்கிற முடிவும் வேணும். ரெப்பாசிட்டரியோட உயிரே அந்த ஆளுதான். ஆய்வாளரே தன் கையால கொண்டுவந்து, தலைப்பு போட்டு, சுருக்கம் போட்டு, உரிமம் தேர்ந்தெடுத்து, யாரு வேணா எடுத்துக்கோன்னு வைக்கறாரு. அந்தச் செயலுக்கு ஆங்கிலத்துல டெப்பாசிட்னே பேரு. இப்ப கிடங்கை வச்சுக்கிட்டு டெப்பாசிட் பண்ணினாருங்கிறத எப்படிச் சொல்வீங்க? "தரவைக் கிடங்கில் கிடத்தினார்"னா? பிணத்தைத்தான்யா கிடத்துவாங்க.

இன்னொண்ணு, கிடங்குல இருந்து ஒரு மூட்டைய எடுத்தா ஒரு மூட்டை குறையும். இங்க ஆயிரம் பேர் எடுத்தாலும் வச்சது வச்ச இடத்துலயே இருக்கும். பூட்டும் காவலாளும்தான் கிடங்குன்னதுமே மனசுல வர்றது, நாம சொல்ல வர்றதோ கதவே இல்லாத ஒண்ணு. 2002 பிப்ரவரியில, ஆய்வை யாரும் தடையில்லாம எடுத்தாளணும்னு சொல்ற புடாபெஸ்ட் திறந்த அணுக்க (ஓப்பன் அக்சஸ்) முன்னெடுப்பு அறிக்கை வெளியாச்சு. படிக்கலாம், இறக்கலாம், நகலெடுக்கலாம், பகிரலாம், அச்சடிக்கலாம், தேடலாம்னு அதுல வரிசையா அடுக்கியிருக்காங்க, பாதி வினைச்சொற்கள்தான் அந்த அறிக்கையே. அதைப் போய்க் கிடங்குன்னு சொன்னா அந்த வினையெல்லாம் செத்துப் போகுது.

சரக்கு மாறிக்கிட்டே இருக்கற விஷயம் வேற இருக்கு. ஆர்க்கைவ்ல ஒரு கட்டுரைய ஆசிரியர் திருத்தினா ரெண்டாம் வடிவம், மூணாம் வடிவம்னு அடுக்கா வரும், பழசும் அப்படியே இருக்கும், யாரு வேணா ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேற சில இடங்கள்ல ஒரு பொருளை எடுத்துட்டாக்கூட அந்த முகவரியில "இது இருந்தது, இன்ன காரணத்தால எடுக்கப்பட்டது"ன்னு ஒரு பக்கம் நிக்கும். கல்லறைக் கல் பக்கம்ங்கிற அர்த்தத்துல ஆங்கிலத்துல டூம்ஸ்டோன் பேஜ்ம்பாங்க. தமிழ்ல நடுகல் பக்கம்னு சொல்லிட்டா எவ்வளவு அழகா இருக்கும், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

கிடங்கு பிடிக்காதவங்க அடுத்துக் கொண்டு வர்றது களஞ்சியம். கிடங்கை விட எவ்வளவோ மேல், மரியாதையான சொல், வளம்ங்கிற வாசனையும் இருக்கு. ஆனா அந்த இடத்துல ஏற்கெனவே ஆள் இருக்கு. 1954ல முதல் தொகுதி வந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியா 1968ல முடிஞ்சதுல இருந்து தமிழன் காதுல களஞ்சியம்னா என்சைக்ளோபீடியாதான். "அறிவியல் களஞ்சியத்தில் வெளியானது"ன்னு எழுதினா, அறிஞர் குழு ஒண்ணு உட்கார்ந்து சரிபார்த்துத் தொகுத்த நூல்ல வந்துச்சுன்னுதான் வாசிக்கறவர் எடுத்துக்குவாரு. இது சின்னக் குழப்பம் இல்ல. ஆர்க்கைவ்ல மட்டுறுத்தல் உண்டு, ஆனா துறை வல்லுநர் மதிப்பாய்வு கிடையாது, மருத்துவ ஆய்வுகளுக்கான மெட்ஆர்க்கைவ் தன் பக்கத்துலயே இதை எச்சரிக்கையா போட்டு வச்சிருக்கு. வச்சது யாரோ அவங்களே பொறுப்பு. களஞ்சியம்னதும் அந்தப் பொறுப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு குழு தலைக்குப் போயிடுது. அப்புறம் இன்னொரு வேடிக்கை, இந்த ரெப்பாசிட்டரிகள்ல இருந்து தலைப்பு, ஆசிரியர் பேரு மாதிரியான மேல்விவரத்தை மட்டும் தேடுபொறிகள் தானா வாரிக்கிட்டுப் போற வேலைக்கு ஹார்வெஸ்டிங்னு பேரு. அதையும் அப்படியே மொழிபெயர்த்து "களஞ்சியத்திலிருந்து அறுவடை செய்தல்"னு எழுதறாங்க. களஞ்சியத்துல இருந்து எவன்யா அறுவடை பண்ணுவான்? அறுத்ததுக்கு அப்புறம்தானே களஞ்சியம்?

காப்பகம்னும் சிலர் எழுதறாங்க. அது ஆர்க்கைவ்ங்கிற ஆங்கிலப் பொதுச்சொல்லுக்கு (மேல சொன்ன அந்தத் தளத்துக்கு இல்ல) ஆகிவந்த சொல், ஆவணக் காப்பகம்னு நல்லா நிலைச்சிருக்கு. காக்கறது ரெப்பாசிட்டரிக்கும் ஒரு வேலைதான், இல்லைங்கல. ஆனா காப்பகத்துக்குள்ள எது போகணும்னு காப்பாளர் முடிவு பண்றாரு, இங்க ஆய்வாளர் முடிவு பண்றாரு. ரெண்டையும் ஒரே சொல்லால சொன்னா நாளைக்கு நூலகவியல்காரங்கதான் திணறுவாங்க.

என்னோட ஓட்டு வைப்பகத்துக்குத்தான். நான் கண்டுபிடிச்ச சொல் இல்ல, யாரோ எப்பவோ சொன்னதுதான், எடுத்தாள ஆளில்லாம இருக்கு. வை, வைப்பு, வைப்பகம். லத்தீன்ல 'போனெரெ'ங்கிற ஒரே வேர்ல இருந்து டெப்பாசிட்டும் ரெப்பாசிட்டரியும் வந்த மாதிரியே இங்கயும் ஒரே வேர்ல இருந்து எல்லாம் கிடைக்குது. டெப்பாசிட் வைப்பு, வைக்கறவர் வைப்பாளர், இடம் வைப்பகம். "தன் தரவை வைப்பகத்தில் வைத்தார்", எட்டாங்கிளாஸ் பையனுக்குப் புரியும். ஆய்வு வைப்பகம், தரவு வைப்பகம், நிறுவன வைப்பகம்னு எதோட வேணா ஒட்டும், உள்ள இருக்கறது கட்டுரையா குரலா நிரலாங்கிறதப் பத்தி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்ல. வள்ளுவர் ஈகை அதிகாரத்துல "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி"ன்னு சொல்றாரு. உழின்னா இடம். இல்லாதவன் பசியத் தீர்க்கறதுதான் சம்பாதிச்சவன் தன் பொருளை வைக்கற இடமாம். பொருளைப் பூட்டி வைக்கறதுக்குப் பேர் வைப்பு இல்ல, அடுத்தவனுக்குப் போய்ச் சேர்ற மாதிரி வைக்கறதுதான் வைப்புன்னு அந்த ஆளு அப்பவே சொல்லிட்டாரு. திறந்த வைப்பகத்துக்கு இதை விடப் பொருத்தமா ஒரு வரி வேற மொழியில இருக்கான்னு தேடிப் பாருங்க.

ஒரே ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லணும். தனித்தமிழ்ல எழுதற சிலர் பேங்குக்கு வைப்பகம்னு போடறாங்க, வைப்புத்தொகை வைப்புநிதி எல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள்தானே, குழம்பாதான்னு கேட்பாங்க. வங்கிங்கிற சொல்லை யாரும் விடப் போறதில்ல, அதனால அந்த இடம் காலியாத்தான் இருக்கு. அதுவும் போக, ப்ரோட்டீன் டேட்டா பேங்க்னு அவங்களே பேங்க்னுதானே பேர் வச்சிருக்காங்க!

மொழிபெயர்க்கறவங்ககிட்ட எனக்கு இருக்கற கோபம் இந்த ஒரு சொல்லோட நிக்கல. பேர்ச்சொல்லை மட்டும் அகராதியில தேடறாங்க, அது எந்த வினையோட, எந்தக் கூட்டத்தோட பொழைக்குதுன்னு பார்க்கறதில்ல. மாநாட்டுல ஆய்வாளர் ஒரே தாள்ல வேலைய விளக்கி நிறுத்தற போஸ்டருக்கு "சுவரொட்டி"ங்கறாங்க, பசையத் தடவி ராத்திரியில ஒட்டிட்டு ஓடற மாதிரி. விளக்கத்தாள்னா போதாதா? பதிப்பகம் வழியா வராத அறிக்கைகளுக்கு ஆங்கிலத்துல கிரே லிட்டரேச்சர்னு பேரு, அது நம்ம ஊடகத்துல "சாம்பல் இலக்கியம்" ஆகி சுடுகாட்டுக்குப் போயிடுச்சு. பதிப்பேறா ஆய்வுன்னு சொன்னா முடிஞ்சது. மதிப்பாய்வுக்கு முன்னாடியே வெளியிடற ப்ரீபிரிண்ட்டுக்கு "முன்னச்சு"ங்கறாங்க, என்னமோ அச்சுக்குப் போறதுக்கு வரிசையில நிக்கற மாதிரி. ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் புவாங்கரே கருதுகோளுக்கான நிறுவலை 2002லயும் 2003லயும் மூணு பகுதியா ஆர்க்கைவ்ல வச்சாரு, எந்த ஆய்விதழுக்கும் அனுப்பல, 2006ல கணிதத்தோட பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கொடுத்தாங்க, அதையும் வாங்கிக்கல. அது எந்த அச்சுக்கு முன்னச்சு? வரைவுன்னு சொன்னாலும் ஒட்டாது, அவரு அதுக்கு மேல தொடவே இல்லயே. முன்வைப்புன்னு சொல்லிப் பார்க்கலாம், மதிப்பாய்வுக்கு முன்னாடி வச்சதுங்கிற அர்த்தமும் வரும், முன்வைக்கறதுங்கிற அர்த்தமும் வரும். ஓப்பனுக்கு "இலவச"ன்னு போடறவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, காசு இல்லாம படிக்கக் கிடைக்கறதும் எடுத்துத் திருத்திப் பகிர உரிமை இருக்கறதும் வேற வேறன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து எழுதுங்க.

கடைசியா எம்பார்கோ. ஆய்வேட்டை வைப்பகத்துல இன்னிக்கே வச்சுடலாம், ஆனா பேடன்ட்டுக்காகவோ பதிப்பகத்து ஒப்பந்தத்துக்காகவோ இத்தனை மாசம் யாருக்கும் காட்டாதேன்னு சொல்ற ஏற்பாடு அது. இதுக்கு "பொருளாதாரத் தடை"ன்னு ஒரு மொழிபெயர்ப்பு ஓடுது, பாவம் ஒரு முனைவர் பட்ட மாணவி மேல வல்லரசுகள் சேர்ந்து தடை போட்ட மாதிரி. நிறுத்திவைப்புன்னு எழுதுங்க, "இரண்டாண்டு நிறுத்திவைப்பில் உள்ளது"ன்னா யாருக்கும் புரியும்.