உப்பு குவியும் இடம் அதிராத இடம்

டப்பாவின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, உப்புத் தூவி, மேலே குனிந்து பாடினால் உப்பு துள்ளும். ஆனால் பல நேரம் அதைத் தள்ளுவது ஒலியல்ல, மூச்சுக்காற்று. ஒலியைக் கீழிருந்து கொடுத்தால் இந்தச் சந்தேகமே வராது.

12 முதல் 15 செ.மீ. வாயகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரை மேல்நோக்கி வையுங்கள். பெரிய பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ரப்பர் பேண்டு போடட்டும். விளிம்பைச் சுற்றி விரலால் தட்டிப் பாருங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் செய்வதும் இதுதான். ஓரிடத்தில் சுருதி தாழ்ந்தால் அங்கே இழுவிசை குறைவு, வடிவம் கோணலாகத்தான் வரும்.

அரைத் தேக்கரண்டி தூள் உப்பைப் பரவலாகத் தூவுங்கள். ஈரம் பட்ட உப்பு கட்டி தட்டி அசையாது. வறுத்து ஆறவைத்த ரவை நம்பகமானது. துகள்கள் ரப்பரில் ஒட்டிக்கொண்டால் நிலைமின்சாரம் காரணம். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத் தூவுங்கள்.

ஸ்பீக்கரோடு இணைத்த கைபேசியில், ஒரே அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலியை 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 5, 5 ஆகக் கூட்டுங்கள். பெரும்பாலும் லேசான நடுக்கம்தான் தெரியும். சில அதிர்வெண்களில் மட்டும் துகள்கள் துள்ளிப் பாய்ந்து வளையமாகவோ கோடாகவோ ஒதுங்கும். ஒலியின் அதிர்வெண் பலூனின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது அதிர்வு பெருகுகிறது. ஒத்ததிர்வு என்பது அதுதான்.

உப்பு குவிந்த இடத்தில்தான் அதிர்வு அதிகம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நேர் எதிர். அதிரும் பகுதி துகளை உதறித் தள்ளுகிறது. அசையாத கோட்டில் அது தங்குகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி உலோகத் தகட்டில் மணலைக் கொண்டு காட்டி 1787இல் வெளியிட்டதும், சி.வி.ராமன் 1934இல் மிருதங்கத் தோலில் காட்டியதும் இதையே.

டால்கம் பவுடரைச் சேர்த்துப் பாருங்கள். அதன் மிக நுண்ணிய துகள்கள் மட்டும் அதிர்வு மிகுந்த இடத்தில் குட்டி மேடுகளாகத் திரளும்! அதிரும் பரப்பை ஒட்டி எழும் காற்றோட்டம் அவற்றை அங்கே இழுக்கிறது என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1831இல் விளக்கினார். பவுடரைக் கிள்ளி மட்டும் போடுங்கள், பறந்தால் மூச்சில் ஏறும்.

துகள் அசையவில்லை என்று ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அதிர்வெண்ணை மாற்றுங்கள், அல்லது பலூனை இறுக்குங்கள். வெட்டிய பலூன் துண்டுகளை உடனே குப்பையில் போடுங்கள். சிறு குழந்தை வாயில் வைத்தால் தொண்டையை அடைத்துவிடும்.